அவர் கார்டில் நான் விருந்தாளி

கடன் அட்டை விளம்பரங்களில் ஒரு குடும்பம் எப்போதும் சிரித்துக்கொண்டே விமானம் ஏறப் போகிறது. அப்பா முன்னால் நடக்கிறார். அம்மா குழந்தையின் கையைப் பிடித்தபடி அரை அடி பின்னால் வருகிறாள். சாய்வு நாற்காலி, ஆவி பறக்கும் காபி, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் விமானம். படத்தில் குடும்பம் இருக்கிறது. அட்டையின் விதிகளைப் படித்துப் பாருங்கள், அங்கே குடும்பம் இல்லை. அங்கே இருப்பது முதன்மை அட்டைதாரர் என்கிற ஒரே ஒரு ஆள். மற்றவர்கள் அவரோடு வருகிறவர்கள்.

பிரீமியம் கடன் அட்டையில் வரும் லவுஞ்ச் வசதி குடும்பப் பயணத்துக்கு லாபமா என்ற கேள்வி இப்போது நடுத்தர வர்க்க வீடுகளில் சகஜமாகிவிட்டது. ஆசிரியர் ஓய்வறையில் கேட்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்கிறேன். கேட்பவர்களும் பதில் சொல்பவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் போடும் கணக்கில் ஆண்டுக் கட்டணம் இருக்கிறது, புள்ளிகள் இருக்கின்றன, பஃபேயில் என்னென்ன கிடைக்கும் என்ற பட்டியலும் இருக்கிறது. யாருடைய பெயரில், யாருடைய செலவில், யாருடைய நேரத்தில் என்ற மூன்று கேள்விகளும் மட்டும் இல்லை. அந்த மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் என் பதில் தெளிவானது: குடும்பத்துக்கு இது லாபமில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்தான் லாபம்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முதன்மை அட்டைதாரர். நம் வீடுகளில் அது பெரும்பாலும் கணவர். மனைவிக்குக் கிடைப்பது 'ஆட்-ஆன்' கார்டு, அதாவது கூடுதல் அட்டை. முதன்மை அட்டைதாரர் அடையாளம் காட்டும் நபருக்குத்தான் கூடுதல் அட்டை தரலாம், அதன் கடன் பொறுப்பு முதன்மை அட்டைதாரருடையது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விதியில் தவறில்லை. அது வீட்டுக்குள் வந்ததும் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். அவள் ஒழுங்காகச் செலவழித்து, மாதம் தவறாமல் கட்டினாலும் கடன் வரலாறு அவர் பெயரில்தான் சேர்கிறது. நாளை தனியாக ஒரு வீட்டுக் கடனோ தொழில் கடனோ கேட்டுப் போனால், பத்து வருடம் அட்டை தேய்த்தவள் வங்கியின் கண்ணுக்குப் புதியவள். அவள் மருந்துக் கடையில் தேய்த்ததும் அவருடைய போனுக்குக் குறுஞ்செய்தி போகிறது. "என்ன, மூவாயிரத்து இருநூறா?" என்று கேட்டுப் பழகிய ஆண்களையும், கேட்பதற்கு முன்பே விளக்கம் சொல்லிப் பழகிய பெண்களையும் நமக்குத் தெரியும்.

சென்னை உள்நாட்டு முனையத்தில் ஒரு லவுஞ்சின் வரவேற்பு மேசை முன்பு நான் பார்த்தது இது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பையனுக்கு எட்டு வயது இருக்கலாம், பெண் அதைவிடச் சிறியவள். அட்டையைத் தேய்த்துப் பார்த்த பணிப்பெண் சொன்னாள்: "சார், உங்க கார்டுல ஒருத்தருக்குத்தான் ஃப்ரீ. மத்த மூணு பேருக்கும் பே பண்ணணும்." அவர் விலையைக் கேட்டார். முகம் மாறியது. மனைவி உடனே, "நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க. நாங்க இங்கயே உட்கார்ந்திருக்கோம். எங்களுக்குப் பசிக்கல" என்றாள். பிள்ளைகளுக்குப் பசிக்கிறதா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. "வரும்போது தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய வசதியை வீணாக்கக் கூடாதே என்ற வழக்கமான நடுத்தர வர்க்க மனம். ஆனால், வீணாகக் கூடாது என்றால் மனைவி உள்ளே போய்க் கால் நீட்டியிருக்கலாம், அவர் பிள்ளைகளோடு வெளியே உட்கார்ந்திருக்கலாம். அட்டையில் அவர் பெயர் அச்சாகியிருப்பதால் அந்த யோசனைக்கே இடமில்லை. அந்தப் பெண் சொன்ன "எங்களுக்குப் பசிக்கல" என்ற பொய்யை நம் அம்மாக்கள் கடைசித் தோசையின் முன்னால் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சமையலறைப் பொய்க்கு இப்போது விமான நிலையத்திலும் வேலை வந்துவிட்டது.

இனி காசுக் கணக்கு. ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 11,800. நால்வர் குடும்பம் ஆண்டுக்கு இரண்டு முறை ஊர் போய்த் திரும்பினால் நான்கு முறை விமான நிலையத்தில் காத்திருக்கும். அட்டைதாரருக்கு நான்கு முறையும் இலவசம். மற்ற மூவருக்கும் பன்னிரண்டு நுழைவுகள். ஆளுக்கு 1,500 ரூபாய் என்றால் 18,000. ஆக, 29,800 ரூபாய். பெரும்பாலான லவுஞ்சுகளில் இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கே கட்டணம் உண்டு, சலுகை இருந்தால் உண்டு. உள்ளே கிடைப்பது இட்லி, பொங்கல், நூடுல்ஸ், காபி, சாய்ந்துகொள்ள நாற்காலி. கட்டணம் கட்டாமல் மூவரை வெளியே உட்காரவைத்தால் கணக்கு லாபமாகத் தெரியும். குடும்பப் பயணத்துக்கு இது லாபம் என்று சொல்கிறவர்களின் கணக்கு பெரும்பாலும் அந்த மூன்று நாற்காலிகளை எண்ணாமல் வந்த கணக்கு.

புள்ளிகள் சேர்கின்றனவே, டிக்கெட்டே இலவசமாகக் கிடைக்கிறதே என்பார்கள். புள்ளி செலவிலிருந்து வருகிறது. லவுஞ்சும் இப்போது செலவிலிருந்துதான் வருகிறது. 2024 ஏப்ரலில் ஐசிஐசிஐ வங்கி பல அட்டைகளுக்கு, முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்தால்தான் அடுத்த காலாண்டில் லவுஞ்ச் என்று விதி வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அதை 75,000 ஆக்கியது. மற்ற வங்கிகளும் அவரவர் தொகையை வைத்திருக்கின்றன. மே மாத விடுமுறையில் லவுஞ்சில் உட்கார வேண்டுமானால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் செலவழித்திருக்க வேண்டும்.

அந்த எழுபத்தைந்தாயிரத்தை யார் செலவழிக்கிறார்கள்? மளிகை, பால், பள்ளிக் கட்டணம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, கேஸ் சிலிண்டர், பொங்கலுக்குத் துணி. எந்தக் கடையில் எது மலிவு, எதை எப்போது தீர்வதற்கு முன் வாங்க வேண்டும், எந்தத் தேதிக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று தலையில் சுமப்பது அவள். 2024 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள், ஆண்கள் 88 நிமிடங்கள். அரசு எடுத்த கணக்கு இது. அந்த 289 நிமிட உழைப்பின் ஒரு பகுதிதான் கார்டில் செலவாகப் பதிவாகிறது. செலவு வரம்பை எட்டுவது அவள் நடத்தும் வீடு. லவுஞ்சுக்குள் போவது அவர். உழைப்பு ஒருவருடையது, உரிமை இன்னொருவருடையது என்பதை நிலத்தில் பார்த்திருக்கிறோம், நெசவில் பார்த்திருக்கிறோம். வங்கிச் சலுகையில் பார்க்கும்போது மட்டும் ஏன் நமக்கு அது தெரியாமல் போகிறது?

நேரத்துக்கு வருவோம். லவுஞ்சைப் பயன்படுத்த வேண்டுமென்றால் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். காலை ஆறரை மணி விமானத்துக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்? அவளுடைய தூக்கத்திலிருந்து. பிள்ளைகளை எழுப்ப வேண்டும், கேஸை அணைத்தோமா என்று பார்க்க வேண்டும், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும், ஃபிரிட்ஜில் மிஞ்சியதை அப்புறப்படுத்த வேண்டும். ஓய்வறைக்குப் போவதற்காக அவள் இரண்டு மணிக்கு எழுகிறாள்.

சரி, எல்லோருக்கும் காசு கட்டி உள்ளே போய்விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பஃபே என்றால் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். 'நாமே' என்பது யார்? ஒரு தட்டில் பையனுக்கு, ஒரு தட்டில் பெண்ணுக்கு, சட்னி காரமா என்று ருசி பார்த்து, பால் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, நடுவில் ஒரு முறை கழிப்பறைக்கு அழைத்துப் போய், கடைசியில் பிள்ளைகள் மிச்சம் வைத்ததை நின்றபடி சாப்பிடுகிறவள் யார்? லவுஞ்சுகளில் உட்கார்ந்து நான் இதைக் கவனித்திருக்கிறேன். அப்பாக்கள் மடிக்கணினியோடும் போனோடும் இருக்கிறார்கள். அம்மாக்கள் உணவு மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே நடக்கிறார்கள். வீட்டின் வேலைப் பிரிவினை சோதனை வாயிலைத் தாண்டி அப்படியே உள்ளே வந்துவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்கும் கருவி அங்கே இல்லை.

தமிழ் படித்தவள் என்பதால் இந்த அட்டை விதிகளில் ஒரு சொல் என்னை உறுத்துகிறது. அட்டைதாரரோடு வரும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'விருந்தினர்'. விருந்தினர் கட்டணம், விருந்தினர் எண்ணிக்கை, விருந்தினர் அனுமதி. நம் இலக்கணம் விருந்தை யாருடைய பொறுப்பில் வைத்தது? தொல்காப்பியக் கற்பியல், விருந்தினரைப் பேணுவதை மனைவியின் மாண்புகளில் ஒன்றாக எண்ணுகிறது. திருக்குறளில் விருந்தோம்பல் இல்லறவியலில் இருக்கிறது. அந்த இல்லறத்தின் அடுப்படியில் நிற்பவள் அவள். சிலப்பதிகாரத்தில், கணவன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தோம்பும் கடமையைச் செய்ய முடியாமல் போனதைக் கண்ணகி மதுரையில் வைத்துச் சொல்கிறாள். கோவலன் அவளை விட்டுப் போன வலியைச் சொல்ல வேண்டிய இடத்திலும் அவள் வாயில் வருவது கடமை தவறிய துயரம்.

இந்தக் காதையை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு முதுகலை மாணவி எழுந்து கேட்டாள்: "மேடம், புகார்லேர்ந்து அவ்ளோ தூரம் நடந்து வந்திருக்கா. கண்ணகிக்கு யாராவது விருந்து வெச்சாங்களா?" நல்ல கேள்வி. வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் ஒரு பெண். மதுரையில் அடைக்கலம் கொடுத்த மாதரி ஒரு பெண். அந்த அடைக்கல வீட்டிலும் கண்ணகியே சமைத்து, கோவலனுக்கு இலை போட்டுப் பரிமாறுகிறாள். நெடும்பயணத்தின் முடிவிலும் அவளுக்கு ஓய்வு இல்லை. காலமெல்லாம் விருந்து படைத்தவளை இப்போது வங்கி 'விருந்தினர்' என்கிறது. மரியாதை என்று மயங்கிவிட வேண்டாம். விருந்தினர் என்றால் உரிமை இல்லாதவர், இன்னொருவர் தயவில் உள்ளே வருகிறவர், அவர் நினைத்தால் வெளியே நிற்கிறவர். சொந்த வீட்டில் ஓயாத விருந்தோம்பி, கணவரின் அட்டையில் கட்டண விருந்தாளி. இரண்டு இடத்திலும் உட்கார இடம் இல்லை.

இது தற்செயல் என்று நினைக்கிறவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். அமெரிக்காவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் 1953 முதல் 1970 வரை நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே ஆண்களுக்கு மட்டுமான 'எக்ஸிகியூட்டிவ்' விமானங்களை ஓட்டியது. அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் ஆண்கள் காலை நீட்டி, சுருட்டுப் பிடித்து, இறைச்சி உண்டு வரலாம். அந்த விமானத்தில் பெண்களுக்கு இடம் உண்டு, பரிமாறும் பணிப்பெண்களாக. அதே நாட்டில் 1974இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வரும்வரை, திருமணமான பெண் தன் பெயரில் கடன் அட்டை கேட்டால் கணவரின் கையெழுத்தைக் கேட்கும் வழக்கம் இருந்தது. ஆணின் ஓய்வுக்காக உருவான பயண வசதியும், ஆணின் பெயரில் பழகிய கடனும் பின்னாளில் ஒரே பிளாஸ்டிக் அட்டையில் சந்தித்துக்கொண்டன. தடை போய்விட்டது. கணவர் பெயர் முன்னாலும் மனைவி பெயர் கூடுதலாகவும் இருக்கும் வடிவம் மட்டும் நம் வீடுகளில் அப்படியே நிற்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தாள். "உனக்கென்னடி, கட்டுரை எழுதிடுவே. நான் சமைக்காத சாப்பாடு, நான் கழுவாத தட்டு, சுத்தமான பாத்ரூம். வருஷத்துல ரெண்டு தடவை எனக்கு அது கிடைக்குது. அதையும் வேணாம்னு சொல்றியா?"

வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அவள் கேட்பது நியாயம். மாதவிடாய் நாளில் ஒரு சுத்தமான கழிப்பறையும், முட்டி வலிக்கும் அம்மாவுக்கு ஒரு நல்ல நாற்காலியும், பால் கொடுக்க ஒரு மறைவான இடமும் எவ்வளவு பெரிய விஷயங்கள் என்று பயணம் செய்யும் பெண்ணுக்குத் தெரியும். லவுஞ்ச் ஆடம்பரம், வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் போதாதா என்று உபதேசிக்கிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. அந்தப் புளிசாதத்தைக் கிளறிக் கட்டுவது யார்? சிக்கனம் என்பது பெரும்பாலும் பெண்ணின் உழைப்புக்கு வைத்த இன்னொரு பெயர். என் வாதம் பெண்ணின் வசதிக்கு எதிரானதல்ல. அந்த வசதி அவளுக்குக் கணவரின் அட்டை வழியாக, அவருடைய மனநிலை வழியாக, விருந்தினர் எண்ணிக்கையில் மிச்சம் இருந்தால் வந்து சேர்கிறது என்பதற்கு எதிரானது.

அதனால் மாணவிகளுக்கும் தோழிகளுக்கும் நான் சொல்வது இரண்டு.

ஒன்று, அட்டை வேண்டுமென்றால் உங்கள் பெயரில் வாங்குங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கும் வைப்புத் தொகையை ஈடாக வைத்து அட்டை தரும் வங்கிகள் உண்டு. குறைந்த கட்டணம், அல்லது கட்டணமே இல்லாத அட்டை போதும். உங்கள் எண்ணுக்கு ஓடிபி வரட்டும், உங்கள் பெயரில் கடன் வரலாறு வளரட்டும். லவுஞ்ச் கூடவே வந்தால் வெட்கப்படாமல் போய்க் கால் நீட்டுங்கள். அதற்காகச் செலவை ஊதிப் பெருக்காதீர்கள். முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டாவிட்டால் பல அட்டைகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி; அந்தக் காபிக்கு அது மிகப் பெரிய விலை. வாங்கும் முன் ஒன்று கேளுங்கள்: கூடுதல் அட்டை வைத்திருப்பவருக்குத் தனி நுழைவு உரிமை உண்டா? இல்லை என்றால் அது குடும்ப அட்டை இல்லை. எவ்வளவு பிரீமியம் என்று சொன்னாலும் சரி.

இரண்டு, ஓய்வைத் தனியார் அட்டையிடம் ஒப்படைத்துவிட்டுப் பொது இடத்தைக் கைவிடாதீர்கள். இந்த அட்டைச் சலுகை எவ்வளவு உறுதியற்றது என்பதை 2025 செப்டம்பரில் பார்த்தோம். வங்கிகளுக்கும் லவுஞ்சுகளுக்கும் நடுவே இருந்த பெரிய இடைத்தரகு நிறுவனமான ட்ரீம்ஃபோக்ஸ் தன் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்திக்கொண்டது. ஒப்பந்தம் முறிந்தால் ஓய்வும் முறிகிறது. மாறாக, 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் விமான நிலையத்தில் 'உடான் யாத்ரி கஃபே' வந்தது. தொடங்கியபோது அறிவித்த விலை தேநீர் 10 ரூபாய், காபி 20, சமோசா 20, தண்ணீர் 10. நால்வருக்குக் காபியும் சமோசாவும் 160 ரூபாய். நான்கு முறைக்கு 640. மேலே போட்ட 29,800ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே முதன்மை வாடிக்கையாளர் கிடையாது, விருந்தினர் கிடையாது. பசித்தவர் வரிசையில் நிற்கலாம்.

பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் தமிழ்நாடு அரசு 2015இல் திறந்தது. 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். அந்த அறைகள் எல்லாம் ஒழுங்காகப் பராமரிக்கப்படவில்லை, அந்தப் பேருந்தில் நடத்துநரின் முகச்சுளிப்பும் உண்டு. கேட்டுச் சண்டை போட வேண்டிய விஷயங்கள் அவை. ஆனாலும் பேருந்தில் ஏறும் பெண்ணிடம் யாரும் "உங்கள் கணவரின் அட்டை எங்கே?" என்று கேட்பதில்லை. அவள் பெண், அவள் பயணி, அவ்வளவு போதும். விமான நிலையத்திலும் நாம் கேட்க வேண்டியது அதைத்தான்: டிக்கெட் வைத்திருக்கும் எல்லோருக்கும் சாய்ந்து உட்காரும் நாற்காலி, சுத்தமான கழிப்பறை, கதவு உள்ள பாலூட்டும் அறை, வாங்கக்கூடிய விலையில் சோறு.

இந்தக் கோரிக்கையில் இன்னொரு பெண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லவுஞ்சின் கழிப்பறையை நாள் முழுக்கத் துடைக்கும் பெண். ஒரு முறை அங்கே அவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "உட்காருங்களேன் அக்கா" என்றேன். "இங்க நாங்க உட்காரக் கூடாதும்மா" என்றார். பெண்களின் ஓய்வைப் பற்றிப் பேசும் எந்தக் கணக்கும் அவருடைய நாற்காலியையும் எண்ண வேண்டும்.

அடுத்த முறை வீட்டில் பிரீமியம் கார்டு பற்றிய பேச்சு வந்தால் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். கதவருகே ஒருவருக்குத்தான் அனுமதி என்று சொன்னால் உள்ளே போகப் போவது யார் என்று கேளுங்கள். பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்.